பேய்கள் கூடிப் பேசுவதில்லை



கடந்த தவணையில் தரம் 9 மாணவர் ஒருவரின் தொலைபேசியைப் பறித்து வைத்தோம். பாட நேரத்தில் மேசைக்கடியில் பேக்மேன் விளையாடிக்கொண்டிருந்தார். ஏசினோம். தலை குனிந்து நின்றவர் மெதுவாகக் கேட்டார்: "சேர், நான் போற பக்கம் அந்தப் பேய்க்கு முந்தியே எப்பிடித் தெரியுது?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. "போய் இருங்க" என்று அனுப்பிவிட்டோம். ஆனால் கேள்வி எம்மை விடவில்லை. தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறோம்.

ஆரம்ப காலக் கணினி விளையாட்டுகள் பலவற்றில் எதிரி பக்கத்தில் நின்ற மனிதர்தான். 1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ஸ்பேஸ்வார் இருவர் மோதுவது. 1972 இல் அட்டாரி வெளியிட்ட பொங் விளையாட்டும் அப்படித்தான்.

1978 இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமொஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸை உருவாக்கினார். வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 55 எதிரிகள். அவை நகரும் விதி மிக எளிது: பக்கவாட்டில் போ, ஓரத்தைத் தொட்டால் ஒரு படி இறங்கி மறுபக்கம் திரும்பு. சுடச் சுட எதிரிகள் குறையும். கணினியின் சுமையும் குறையும். மிஞ்சியவை வேகமாக ஓடும். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். விளையாடியவர்களுக்கோ எதிரி கோபம் கொண்டு பாய்வது போலத் தெரிந்தது.

1980 இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவதானி பேக்மேனைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 25. சுடும் விளையாட்டுகள் நிறைந்திருந்த கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்பது அவரது எண்ணம். நான்கு பேய்களும் ஒரே விதமாகத் துரத்தினால் வால் பிடித்தாற்போல ஒரே வரிசையில் வரும், சீக்கிரம் அலுத்துவிடும். எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்தார்கள்.

🔴 பிளிங்கி: பேக்மேன் நிற்கும் கட்டமே இலக்கு.
🌸 பிங்கி: பேக்மேன் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால்.
🔵 இங்கி: பேக்மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி. பிளிங்கியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு கீறி, அதே நீளத்துக்கு மேலும் நீட்டினால் வரும் இடம்.
🟠 கிளைட்: எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், கிட்ட வந்தால் தன் மூலைக்கு ஓடும்.

ஒவ்வொரு சந்தியிலும், எந்தப் பக்கம் திரும்பினால் இலக்குக்கு நேர்கோட்டில் கிட்டவாகும் என்று பார்த்துத் திரும்பும். அவ்வளவுதான். இங்கி பிளிங்கி நிற்கும் இடத்தைக் கவனிக்கும். மற்றபடி ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

இதில் ஒரு பிழையும் உண்டு. பேக்மேன் மேலே பார்க்கும்போது மட்டும் பிங்கியின் இலக்கு நான்கு கட்டம் மேலேயும் நான்கு கட்டம் இடப்பக்கமும் போய்விடும். நிரலில் தவறுதலாக வந்த இந்தப் பிழை அப்படியே வெளியானது.

எமக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பேய்கள் எந்நேரமும் துரத்துவதில்லை. முதற் கட்டத்தில் தொடக்கத்தில் 7 செக்கன்கள் தத்தம் மூலைக்குப் போகும், பிறகு 20 செக்கன்கள் துரத்தும், மீண்டும் மூலைக்கு. இடைவிடாமல் விரட்டினால் ஆடுபவர் களைத்துப்போவார் என்று இவதானி நினைத்தார். எதிரியைச் செய்தவரே, ஆடுபவர் மூச்சு விடவும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

அடுத்த வாரம் பாடசாலை விட்ட பின் கூடத்துத் தரையில் சோக்கால் கட்டங்கள் கீறினோம். நான்கு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு விதியைத் துண்டில் எழுதிக் கொடுத்தோம். யாருக்கும் காட்டக் கூடாது, பேசக் கூடாது. ஓடுவதற்கு நின்றவர் அந்த மாணவர்தான். இரண்டு நிமிடத்துக்குள் நாலா பக்கமும் மறித்துவிட்டார்கள்.

"சேர், அவங்க கதைச்சி வெச்சிட்டு வாறாங்க!" என்று பார்த்து நின்றவர்கள் கத்தினார்கள். துண்டுகளை வாங்கி உரக்க வாசித்தோம். கூடம் அமைதியானது.

பிடிபட்ட மாணவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்து நின்றார். பிறகு, "சேர், அப்ப நான் பிங்கியப் பார்த்து நேரே போனா, அதுட இலக்கு அதுக்குப் பின்னால போயிரும். அது விலகிரும், என்ன?" என்றார். செய்து பார்த்தோம். பிங்கியாக நின்ற பிள்ளை சந்தியில் விலகிப் போனார். பாய்ச்சற் கோட்டுப்படத்தில் ஒரு தவணை முழுதும் நாம் விளங்கப்படுத்த முயன்றது அன்று அவருக்கு விளங்கியிருந்தது.

வகுப்பில் தொலைபேசி கூடாது என்ற விதியில் மாற்றம் இல்லை. அன்று கேட்ட கேள்வியையும் சேர்த்துப் பறித்தது எமது பிழை. வீட்டில் பிள்ளை விளையாடும்போது ஒரு தடவை பக்கத்தில் இருந்து, "இது எப்படி உங்களைக் கண்டுபிடிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் எம்மிடம் அனுப்புங்கள். கூடத்தில் சோக்குக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை.