வி.ஐ. எடிட்டர்

வி.ஐ.: யூனிக்ஸ் மரபில் வந்த கம்ப்யூட்டர்களில், மௌஸின் துணையின்றிக் கட்டளைத் திரையிலேயே கோப்புகளை எழுதவும் திருத்தவும் உதவும் எடிட்டர். அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் 1976-இல் இதனை இயற்றினார்.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் எழுதிய 'எட்' இதன் மூதாதை. காகிதத்தில் அச்சிடும் டெலிடைப் யந்திரத்துக்கென்று பிறந்த அது, கேட்ட வரியை மட்டுமே காட்டும். பிழை நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டு மௌனம் சாதிக்கும். லண்டன் குயீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் அதனைச் சற்று இளக்கி அமைத்த 'எம்' என்பதைக் கண்ட ஜாயும் சக் ஹேலியும் 'எக்ஸ்' என்ற எடிட்டரை உருவாக்க, அதன் திரைமுழுதும் காட்டும் ரூபமே வி.ஐ. ஆயிற்று.

புதிதாகப் பயில்வோரைத் திகைக்கச் செய்வது, எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு என்ற இதன் ஏற்பாடு. ஜாய் வீட்டிலிருந்து வேலைசெய்த 300 பாட் மோடத்தில் விநாடிக்கு முப்பது எழுத்துக்களே வருமாதலால், 24 வரித் திரை முழுவதையும் மீண்டும் வரைய ஒரு நிமிஷத்துக்கு மேலாகும்; ஆகவே ஓரெழுத்துக் கட்டளைகளும், அவற்றை எழுதும் எழுத்துக்களினின்று பிரிக்கத் தனி நிலையும் அவசியமாயின. அவர் கையாண்ட ஏ.டி.எம். 3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அம்புக்குறிகள் இருந்தன; அதனாலேயே வி.ஐ.யில் அவை கர்ஸரை நகர்த்துகின்றன. எழுதும் நிலையிலிருந்து வெளியேற உதவும் எஸ்கேப் விசையோ இன்று டேப் இருக்குமிடத்தில் இருந்தது. இன்றைய விசைப்பலகையில் மூலைக்கு நீளும் சுண்டுவிரல் படும் சிரமத்துக்கு ஜாய் பொறுப்பல்லர்.

நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட 'விம்' இதன் புகழ்பெற்ற வாரிசு. அதைப் பயன்படுத்துவோர் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு அவர் வேண்டிக்கொண்டார்.

வி.ஐ. தோன்றிய அதே காலத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் முதலியோர் எம்.ஐ.டி.யில் வளர்த்த ஈமாக்ஸ் எடிட்டர், ஆயுள் முழுதும் உடன் வாழத்தக்க விசாலமான மாளிகை. திரையடியிலேயே விசைகளை அறிவிக்கும் நானோ, அவசரக்காரருக்குப் போதும். எனினும், தொலைவிலுள்ள சர்வர்களைப் பராமரிக்க நேரும் ஒருவர் வி.ஐ.யைத் தவிர்க்க இயலாது. பாசிக்ஸ் தரநிர்ணயத்தில் இடம்பெற்ற அதுவே, வேறெதுவும் நிறுவப்படாத யந்திரத்திலும் பெரும்பாலும் அகப்படும்.

ஆரம்பத்துக்கு வேண்டியவை சிலவே: எழுத 'ஐ', நிறுத்த எஸ்கேப், வரியை நீக்க இருமுறை 'டி', செய்ததை ரத்துசெய்ய 'யு', சேமித்து வெளியேற முக்காற்புள்ளியுடன் 'டபிள்யூ', 'கியூ'. விம் உள்ள யந்திரத்தில் பெரும்பாலும் 'விம்டியூட்டர்' என்ற அரைமணிப் பாடமும் உடனிருக்கும். அதனை ஒருமுறை முடித்தபின், எந்த எடிட்டர் தமக்கு இசையுமென்று வாசகர் தீர்மானிக்கலாம்.