பாம்பனைத் தாண்டிய கார்கள்

1988 வரை இராமேசுவரத்துக்குச் சாலை கிடையாது, இரயிலும் படகும்தான். பாம்பன் சாலைப் பாலம் வந்தபின் அம்பாசடர்கள் நேரே தீவுக்குள் ஓடின, துருவும் பேச்சானது. உப்புக்காற்றைத்தான் எல்லோரும் பழிப்பார்கள். அது பாதி உண்மை. மேலே படியும் உப்பு கழுவினால் போய்விடும். வெடித்த கண்ணாடி ரப்பர் வழியே புகுந்து மிதியடிக்கடியில் தேங்கும் உப்புநீர்தான் தகட்டை உள்ளிருந்து தின்கிறது. அடிக்கடி கழுவினால் போதாதா என்றால், ஒழுகும் காருக்குக் கழுவலே கேடு. முதலில் மிதியடியைத் தூக்கி, கண்ணாடி விளிம்பில் கீழிருந்து மேலாகக் குழாய்நீர் விட்டு, கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கசிவை அடைக்காமல் மேலே வண்ணம் பூசினால் போதுமா? பூச்சு மட்டும் இரும்பைக் காக்காது என்பதற்குப் பாம்பன் இரயில் பாலமே சான்று: 1914-இல் திறந்து, காலமெல்லாம் வண்ணம் பூசியும், 2022 டிசம்பரில் இரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நல்ல பூச்சோடு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், இடைவெளியின்றிப் பற்றவைத்த இணைப்புகளும் உண்டு.