ஊக்கமும் உடைமையும்: ஆவடி, அம்பத்தூர்த் தொழில் வரலாற்றில் ஒரு நோக்கு

திருவள்ளுவர் ஊக்கத்தைப் பொருட்பாலில் 60 ஆம் அதிகாரமாக அமைத்துள்ளார். அதன் பெயர் ஊக்கமுடைமை. ஈண்டு 'உடைமை' என்னுஞ் சொல் கருதத்தக்கது. ஊக்கம் ஒருவன் தன்பால் உடைய பொருள். பிறர் அளிக்கப் பெறுவதன்று. இன்றைய தொழிற்சாலை வழக்கிலோ 'ஊக்கத்தொகை', 'ஊக்க ஊதியம்' என்னுந் தொடர்கள் பயில்கின்றன. இவற்றுள் ஊக்கம் புறத்தேயிருந்து ஊட்டப்படுவதாகின்றது. இம்மாற்றத்தைத் தொழிலாளர் முற்றும் ஏற்றுக்கொண்டனரா என்பதைச் சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

இவ்வரலாற்றுக்குத் தோற்றுவாய் அண்மையிலுள்ள பெரம்பூர்ப் பகுதியில் உள்ளது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 இல் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, வாடியா, திரு.வி.க. ஆகியோர் அதனை வளர்த்தனர். அத்தொழிலாளர் தொடக்கத்திலேயே எழுப்பிய குறைகளுள் நண்பகல் இடைவேளை போதாமையும் மேற்பார்வையாளர் நடத்தும் முறையும் அடங்கும். கூலி ஒன்றே அவர்தங் கருத்தாக இருந்ததில்லை. சிகாகோ நகரையடுத்த ஹாதார்ன் ஆலையில் ஓய்வு இடைவேளை பற்றிய புகழ்பெற்ற ஆய்வு நிகழ்ந்தது 1927 இல் என்பதை நினைவுகூர்தல் நன்று. ஆய்வாளர் அளந்து கண்டதை நம் நெசவாலைத் தொழிலாளர் ஒன்பது ஆண்டு முன்னரே வாய்விட்டுரைத்தனர்.

விடுதலைக்குப்பின் தொழில்கள் மேற்கே பரவின. முருகப்பா குழுவினர் ஆங்கில நிறுவனமொன்றுடன் கூடி 1949 இல் நிறுவிய மிதிவண்டித் தொழிலகம் அம்பத்தூரில் எழுந்தது. 1955 சனவரியில் ஆவடியில் தேபர் தலைமையிற் கூடிய காங்கிரசு மாநாடு சமதருமப் பாங்கான சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. மறு ஆண்டு வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம், தொழிலாளரை வளர்ச்சிப் பணியில் பங்காளராகக் கருதியது. 1958 முதல் கூட்டு மேலாண்மை மன்றங்கள் அமைக்கும் முயற்சியும் நடந்தது. ஆயினும் அம்முயற்சி நாட்டில் வேரூன்றவில்லை. 1947 ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுச் சட்டத்தின் தொழிற்குழு விதியோ 100 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரிந்த இடங்களுக்கே உரியதாயிருந்தது. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பலவற்றை அஃது எட்டவில்லை. அங்கே உரிமையாளரே கடைசற்பொறியருகில் நின்று வேலை செய்வதுண்டு. அந்நெருக்கம் குழுவின் இடத்தை ஓரளவு நிரப்பியிருக்கலாம், உரிமையின் இடத்தை நிரப்பியதாகக் கொள்ளல் அரிது.

பங்கு தளர்ந்தவிடத்துத் தொகை முன்வந்தது. 1965 ஆம் ஆண்டுப் போனசுச் சட்டத்தில், உற்பத்தியோடு போனசை இணைக்கும் ஒப்பந்தங்களுக்கு 1976 இல் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. போனசை 'மிகையூதியம்' எனப் பெயர்த்தனர். தொழிற்சங்கத்தாரோ அது மிகையன்று, கொடாது நிறுத்திவைத்த கூலியே என நெடுங்காலம் வாதிட்டனர். மொழிபெயர்ப்பு ஒரு கட்சியின் பக்கஞ் சாய்ந்ததற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

அண்மைக்காலத்தே மேலாண்மை நூலார் 'பணியீடுபாடு' என்பர். ஆழ்வார் பாசுரங்களில் தோய்ந்தோர் நிலையைக் குறிக்கவும் ஈடுபாடு என்னுஞ் சொல் வழங்கும். பூவிருந்தவல்லியிற் பிறந்த திருக்கச்சிநம்பி காஞ்சியில் ஆற்றிய ஆலவட்டத் தொண்டு அதற்கு இலக்கியம். கூலி கருதாத் தொண்டிற்குரிய மனநிலையைக் கூலித்தொழிலில் எதிர்பார்ப்போர், தொண்டர் தாமே விரும்பி வந்தவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையை நோக்குவாம். 'விஜயந்தா' பீரங்கி வண்டி 1965 இல் வெளிவந்தது இங்கேதான். 2021 அக்டோபர் 1 இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பெற்று, அதன்கீழிருந்த 41 தொழிற்சாலைகளும் அரசுக்குரிய ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன; அவற்றுள் ஒன்றன் தலைமையிடம் ஆவடியாயிற்று. பணிநிலைமைகள் காக்கப்படும் என அரசு உறுதி கூறியது. அவ்வுறுதியின் பின்னரும் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அவ்வாண்டு சூலையில் வேலைநிறுத்தந் தொடங்குவதாக அறிவிக்கவும் செய்தன. அதற்குமுன், சூன் இறுதியிலேயே, பாதுகாப்புத் தொழில்களில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் பிறந்தது. வருங்காலப் பணியுறுதி பற்றிய அச்சமும் இவ்வெதிர்ப்பிற்குக் காரணம் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் கூலியைக் குறைக்காதபோதும் எழுந்த எதிர்ப்பை ஊக்கத்தொகைக் கணக்கு விளக்காது. தொழிற்சாலை எவருடையது, அதனை மாற்றுமுன் எவரைக் கேட்டல்வேண்டும் என்பனவே அன்று ஆவடி வாயிலில் எழுந்த வினாக்கள்.