செஞ்சிக் கோட்டைக் களஞ்சியங்கள்

செஞ்சிக் கோட்டைக் களஞ்சியங்கள் என்பவை தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையில், முற்றுகை, பஞ்சம் போன்ற இடர்க்காலங்களுக்காகத் தானியத்தைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்ட கட்டடங்கள் ஆகும். இவை இராசகிரி, கிருட்டிணகிரி ஆகிய மலைகளிலும், இராசகிரியின் அடிவாரத்திலும் காணப்படுகின்றன. கோட்டையின் சேமிப்பு நெல்லோடு நின்றுவிடவில்லை. நீர்நிலைகள், வெடிமருந்துக் கிடங்கு, கருவூலம் ஆகியனவும் அதன் பகுதிகளாக இருந்தன. 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாய முற்றுகையின்போது இச்சேமிப்புகள் கடுமையான சோதனைக்கு உள்ளாயின.

அமைப்பு

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் இணைக்கும் மதிலால் சூழப்பட்டது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஆகும். இவற்றுள் உயரமான இராசகிரியின் உச்சியை அடைவதற்கு முன்னர் ஓர் இயற்கையான பாறைப் பிளவு குறுக்கிடுகின்றது. அதன்மீது இடப்பட்ட பாலத்தை அகற்றிவிட்டால் உச்சிக்குச் செல்லும் வழி அடைபடும். எனவே எல்லாம் கைவிட்டுப் போனாலும் கடைசியாக ஒதுங்குவதற்குரிய இடம் இவ்வுச்சியே. களஞ்சியம், கருவூலம், வெடிமருந்துக் கிடங்கு, அரங்கநாதர் கோயில் ஆகியவை இங்கு ஒருங்கே அமைந்திருப்பதன் காரணமும் இதுவே எனலாம்.

அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகிலுள்ள களஞ்சியம் பெரியது. தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட இக்கட்டடம் வெயிலும் மழையும் உட்புகாதவாறு கட்டப்பட்டுள்ளது. கிருட்டிணகிரியில் களஞ்சியங்களுடன், எண்ணெயும் நெய்யும் சேமிக்கப்பட்டவை எனக் கூறப்படும் கிணறுகளும் காட்டப்படுகின்றன. களஞ்சியங்களையும் கல்யாண மகாலையும் கட்டியவர் நாயக்க மன்னரான துப்பாக்கிக் கிருட்டிணப்ப நாயக்கர் என்று மெக்கன்சி சுவடித் தொகுப்பு குறிப்பிடுகின்றது.

தமிழகத்தில் நாயக்கர் காலக் களஞ்சியங்கள் வேறு இடங்களிலும் உள்ளன. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் உள்ள வட்ட வடிவமான செங்கல் களஞ்சியம் 3000 கலம் நெல் கொள்ளக்கூடியது. ஒரு கலம் என்பது 12 மரக்கால் ஆகும். ஆனால் அது கோயில் நெல்லைச் சேமிப்பதற்கானது. செஞ்சியின் களஞ்சியங்களோ, வாயில்கள் மூடப்பட்ட பின்னர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்ற கணக்கில் கட்டப்பட்டவை.

நீர்

தானியம் இருந்தும் நீர் இல்லையெனில் மலைக்கோட்டையால் பயனில்லை. இராசகிரி உச்சியில் ஊற்று நீர் கிடைத்தது. கீழே சக்கரக்குளம் உள்ளது. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுசெல்லப்பட்டது. செஞ்சி முற்றுகைக் காலத்தில் மகாராட்டிரப் பகுதியின் ஆட்சிப் பொறுப்பைக் கவனித்த இராமச்சந்திர பந்து அமாத்தியர், பிற்காலத்தில் எழுதிய ஆஞ்ஞாபத்திரம் என்னும் அரசியல் நூலில், கோட்டை கட்டுமுன் நீர் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றும், ஊற்றை மட்டும் நம்பியிராமல் நீரைத் தேக்கி வைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றார்.

1690-1698 முற்றுகை

1649 ஆம் ஆண்டில் நாயக்கர்களிடமிருந்து பீசப்பூர் சுல்தானகத்தின் வசமான செஞ்சியை 1677 ஆம் ஆண்டில் சிவாஜி கைப்பற்றி, அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவரது மகன் இராசாராம், முகலாயர்களிடமிருந்து தப்பி 1689 ஆம் ஆண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். 1690 ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிக்கார் கான் கோட்டையை முற்றுகையிட்டார்.

முதலில் பட்டினியில் வாடியவர்கள் கோட்டைக்கு வெளியே இருந்தவர்களே. 1692 ஆம் ஆண்டின் இறுதியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகள் வந்து முகலாயப் பாசறைக்கு உணவு வரும் வழிகளைத் துண்டித்தனர். சுல்பிக்கார் கான் தானே வந்தவாசிக்குச் சென்று தானியம் கொண்டுவர நேர்ந்தது. திரும்பும் வழியில் தேசூரில் மராத்தியர் அவரைத் தாக்கினர். 1693 சனவரியில் முகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அக்காலத்தில் முகலாயப் படையிலிருந்த பீம்சேன் சக்சேனா இந்நிகழ்வுகளைத் தமது பாரசீக நூலில் பதிவு செய்துள்ளார்.

எனினும், முற்றுகை எட்டு ஆண்டுகள் நீடித்தமைக்குக் களஞ்சியங்களை மட்டும் காரணமாகக் கூற இயலாது. முகலாயத் தலைவர்களிடையே நிலவிய பூசலும், சுல்பிக்கார் கான் வேண்டுமென்றே காலந்தாழ்த்தினார் என்ற ஐயமும் வரலாற்றாசிரியர்களால் சுட்டப்படுகின்றன.

பணத் தட்டுப்பாடு

இராசாராமுக்கு நெல்லைவிடப் பணமே அரிதாக இருந்தது. நெல் அரணுக்குள் இருக்கும் வீரனுக்கு உணவாகலாம். வெளியே அலையும் குதிரைப்படைக்கு ஊதியமாகாது. செஞ்சிக்கு வந்த ஓராண்டுக்குள், 1690 ஆம் ஆண்டில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அதுவே பின்னர் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரையுள்ள ஊர்களும் கம்பெனியைச் சேர்ந்தன. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அன்றைய நெருக்கடிக்காக விற்கப்பட்ட இவ்விடம், பின்னாளில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் சில ஆண்டுகள் விளங்கியது.

சிவாஜி தம் படையினருக்குப் பெரும்பாலும் பணமாகவே ஊதியம் அளித்து வந்தார். கருவூலம் வறண்ட நிலையில் இராசாராம் ஊதியத்திற்குப் பதிலாக நிலங்களின் வருவாயைத் தளபதிகளுக்கு வழங்கினார். போரில் பிடிபட்டவர்களுக்கான மீட்புப் பணமும் ஒரு வருவாயாக இருந்தது. 1692 இல் சிறைப்பட்ட காஞ்சிபுரத்தின் முகலாய அதிகாரி அலி மர்தான் கான் ஓர் இலட்சம் பொன் கொடுத்து விடுதலை பெற்றார். முகலாயர் தரப்பிலும் பணமுடை இருந்தது. 1694 ஆம் ஆண்டில் சுல்பிக்கார் கான் தஞ்சாவூர் மன்னர் சாகஜியிடம் கப்பம் பெற்றார்.

1697 இறுதியில் இராசாராம் கோட்டையிலிருந்து தப்பிச் சென்றார். 1698 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது. இராசகிரி உச்சியில் ஒதுங்கியிருந்த அவரது குடும்பத்தினர் சரணடைந்தனர்.

குடிமக்களின் சேமிப்பு

கோட்டை தன் அளவில் செய்ததையே வீடுகளும் செய்து வந்துள்ளன. நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும், காசுக்குச் சுருக்குப்பையும் அடுக்குப்பானையும் இருந்தன. கொள்ளைக்கு அஞ்சியோர் காசைப் பானையிலிட்டு மண்ணில் புதைத்தனர். புதைத்தவர் சொல்லாமலே இறந்துவிட்டால் அது புதையலாயிற்று. 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பொற்காசு மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்தாலும் மதிப்பிழப்பதில்லை. தாள் பணம் அவ்வாறன்று. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, அவசரத்திற்கென அரிசிப்பானையில் வைத்திருந்த தொகையும் வங்கி வரிசைக்கு வந்தது. மாறாக, வங்கிக் கணக்கில் மட்டும் பணம் வைத்திருப்போர் மின்சாரம் தடைப்படும்போது இடர்ப்படுகின்றனர். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது.

இன்றைய நிலை

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 சூலையில் யுனெசுக்கோ இதனை ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்’ என்னும் தொகுப்பின் ஒரு பகுதியாக உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. தொகுப்பிலுள்ள 12 கோட்டைகளுள் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது இது ஒன்றே. அடிவாரக் களஞ்சியத்தைப் பார்வையாளர்கள் எளிதில் காணலாம். உச்சியிலுள்ளதைக் காண இராசகிரியின் நூற்றுக்கணக்கான படிகளை ஏற வேண்டும். களஞ்சியங்களில் இன்று நெல் இல்லை. சுற்றுப்புற ஊர்களில் விளையும் நெல், செஞ்சி நகரிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மூட்டைகளாக வருகின்றது.