களைசுரண்டியும் களைக்கொல்லியும்

ஐந்தருவித் தண்ணீர் சிற்றாற்றில் இறங்கித் தென்காசிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. வடக்கே சங்கரன்கோவில், அதைத் தாண்டிக் கோவில்பட்டி என்று போனால் மானாவாரிக் கரிசல், பருத்திக்காடு. வெள்ளைக்காரன் காலத்தில் ‘டின்னிஸ்’ என்று கப்பலேறியது இந்தத் திருநெல்வேலிப் பருத்திதான். கோவில்பட்டியில் 1901-லேயே ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. அப்படியும் களை எடுப்பது மட்டும் ரொம்ப காலம் களைசுரண்டியோடு குனிந்த பெண்கள் கையில்தான் இருந்தது. ஏன் என்று தேடிப் பார்த்தேன்.

1940-களில் வந்த 2,4-டி புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். பருத்தியே அகன்ற இலைச் செடிதானே! பக்கத்துச் சோளக்காட்டில் அடித்தது காற்றில் வந்தாலே பருத்தி இலை விரல்விரலாகச் சுருங்கிப்போகும். பின்னால் வந்த பெண்டிமெத்தலினைக் களை முளைக்கும் முன் தெளிக்கணும். அது வேலை செய்ய மண்ணில் ஈரம் வேணும். மானாவாரிக்காரர் ஈரத்துக்கு எங்கே போவார்?

1997-ல் அமெரிக்காவில் கிளைபோசேட்டைத் தாங்கும் பருத்தி விற்பனைக்கு வந்தது. இந்தியா 2002-ல் அனுமதித்தது காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. பருத்தியை. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இங்கே அனுமதி இல்லை. ஆனாலும் கள்ள விதை பல மாநிலங்களில் ஓடுகிறது. கூலி ஏறிப்போச்சு, ஆள் கிடைக்கல என்கிறார்கள் விவசாயிகள். அதுவும் நியாயம்தான்.

ஆனா அவர்களுக்குச் செலவாகும் அந்தக் கூலிதான் களையெடுக்கும் பெண்ணுக்கு வருமானம். களையோடு மடியில் கட்டி வந்த பண்ணைக்கீரையும் மாட்டுக்கான புல்லும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. களைக்கொல்லி மலிவு என்று சொல்வதற்கு முன் அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க.