சீனப் பச்சையும் தமிழ் எழுத்தாணியும்

அரிக்கமேடு என்றதும் நமக்கு ரோம்தான் ஞாபகம் வரும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது தேடியதும் அதைத்தான். ரோமானிய மட்பாண்டத்தின் காலம் தெரிந்தால், கூடவே கிடைக்கும் தென்னிந்தியப் பானைகளின் காலத்தையும் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பலித்தது. ஆனால் அதே மேட்டின் மேலடுக்கில் சோழர் காசும் சீனச் செலடன் ஓடுகளும் இருந்தன. ரோம் வணிகம் ஓய்ந்து ஆயிரம் வருஷம் போல ஆன பிறகு வந்தவை. அவற்றைப் பற்றி யார் பேசுகிறோம்?

செலடன் என்பது பச்சை மெருகேற்றிய பீங்கான். மெருகில் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கும். சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் அந்த இரும்பு மரகதக் கல் மாதிரி பச்சையாகும். காற்று கூடிவிட்டால் மஞ்சளோ பழுப்போதான். சீனாவின் லாங்க்சுவான் சூளைகள் இதில் பேர்போனவை. அந்த நாட்டுக்கும் நமக்கும் போக்குவரத்து சும்மா ஒன்றுமில்லை: 1015-லும் 1077-லும் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போனார்கள். சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது.

சீனப் படிப்பாளியின் மேசையிலும் இந்தப் பீங்கான் உண்டு. தூரிகை அலசும் கிண்ணம், தூரிகையைச் சாய்த்து வைக்கும் தாங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் குட்டிக் குடுவை. காரணம் எளிது. அங்கே மை கட்டியாக வரும். கல்லில் நீர் விட்டு உரைத்தால்தான் எழுதலாம். நம்ம ஆள் ஓலையில் எழுத்தாணியால் கீறினார். கோவையிலைச் சாற்றில் கரி குழைத்துப் பிறகு தடவினால் எழுத்து தெரியும். எழுதும்போது தண்ணீரும் வேண்டாம், அலசுவதும் வேண்டாம். ஆகவே கப்பலில் வந்த பீங்கான் நம் வீட்டில் எழுத்துப் பலகைக்குப் போக வேலையே இல்லை. அது சோற்றுக்கும் குழம்புக்குமான பாத்திரமாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாண்டிச்சேரியில் 1736-லிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தாளில் மையால் நாட்குறிப்பு எழுதினார். அப்போது சீனப் பீங்கான் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டியது ஒரு மைக்கூடுதான். ஒரு பொருள் ஊருக்கு வருவது வேறு. அதை வைத்திருந்த பழக்கம் கூடவே வருவது வேறு. அரிக்கமேட்டின் பச்சை ஓடு முதலாவதற்கு மட்டும் சாட்சி. அதுவும் சின்ன சாட்சி இல்லை: ரோமோடு கதை முடிந்துவிட்டது என்று நாம் எழுதிய இடத்தில், கடல் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது என்று அது சொல்கிறது.