அடிக்கடி கீழே விழும் சிறுவன், பருத்த கெண்டைக்கால்... தசைச் சிதைவு நோயா? டாக்டர்கள் எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

"பையன் சரியான சோம்பேறி, ஓடவே மாட்டேங்கிறான்", "கால் நல்லா திடமா இருக்கு, அவனுக்கு என்ன குறை?" - பல வீடுகளில் இப்படிச் சொல்லியே ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. ஆனால் சில சிறுவர்களுக்கு அது சோம்பேறித்தனம் இல்லை. தசைச் சிதைவு நோயின் ஆரம்பமாக இருக்கலாம்.

இது என்ன நோய்?

குழந்தைகளுக்கு வரும் தசைச் சிதைவு நோய்களில் அதிகம் காணப்படுவது 'டுஷென்' வகை. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. தசை நார்கள் கிழியாமல் பாதுகாப்பது 'டிஸ்ட்ரோஃபின்' என்ற புரதம். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் கோளாறு இருந்தால் புரதம் உருவாகாது. தசை கொஞ்சம் கொஞ்சமாக அழியும். ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ் என்பதால் பெரும்பாலும் பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

எப்போது சந்தேகம் வரணும்?

பிறக்கும்போது எதுவும் தெரியாது. 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, 2 முதல் 5 வயதில் அடிக்கடி விழுகிறான், குதிக்க முடியவில்லை, படியேற கைப்பிடியைத் தேடுகிறான், நுனிக்காலில் நடக்கிறான் - இவைதான் முதல் அறிகுறிகள். சில பிள்ளைகளுக்குப் பேச்சும் தாமதமாகும்.

தரையில் இருந்து எழும்போது கவனிங்க

டாக்டர் செய்யும் முக்கியமான சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. குழந்தையைத் தரையில் உட்கார வைத்து, 'எழுந்திரு' என்பார். இடுப்பு, தொடைத் தசை பலவீனமாக இருந்தால் குழந்தை முதலில் குப்புறத் திரும்பும். கையையும் காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கும். பிறகு முழங்காலிலும் தொடையிலும் கை வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல நிமிரும்.

இதற்கு 'கவர்ஸ் அறிகுறி' என்று பெயர். 1879-ல் இதை விவரித்த பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் கவர்ஸின் பெயர் இது. மிகச் சிறிய குழந்தைகள் கையை ஊன்றி எழுவது சாதாரணம்தான். 3 வயது தாண்டியும் இப்படி எழுந்தால் அலட்சியம் வேண்டாம். வேறு தசை நோய்களிலும் இது வரும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கெண்டைக்கால் பெருசா இருந்தா பலம் தானே?

இல்லை. இந்த நோயில் அழிந்த தசையின் இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதால் கெண்டைக்கால் பருத்து, தொட்டால் கெட்டியாக இருக்கும். பார்க்கத்தான் பலம்.

டாக்டர் வேறு என்ன பார்ப்பார்?

* நடை: இரு பக்கமும் அசைந்து, வாத்து போல நடப்பது.
* முதுகு: இடுப்புப் பகுதி உள்வளைந்து, வயிறு முன்தள்ளி நிற்பது.
* தோள்: அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் குழந்தை நழுவுவது.
* கழுத்து: மல்லாந்து படுத்த நிலையில் தலையைத் தூக்க சிரமப்படுவது.
* அனிச்சை: முழங்காலில் தட்டினால் அசைவு குறையும்; கணுக்காலில் நீண்ட நாள் இருக்கும். தொடு உணர்ச்சி மாறாது.

என்ன டெஸ்ட்?

முதலில் 'சி.கே.' ரத்தப் பரிசோதனை. இந்த நோயில் அது இயல்பைவிட 10 மடங்கு முதல் 100 மடங்கு வரைகூட உயரும். உறுதி செய்வது மரபணு பரிசோதனை.

ஒரு எச்சரிக்கை: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவு தசை சிதைந்தாலும் ஏறும். அதை ஈரல் கோளாறு என்று நினைத்து அலைபவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் இவை அதிகமாக இருந்தால், சி.கே. பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சீக்கிரம் தெரிந்தால் என்ன லாபம்?

முழுசா குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் பலர் 12, 13 வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். சரியான நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் நடக்கும் காலம் சில வருஷங்கள் நீளும். ஆனால் டாக்டர் சொல்லாமல் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. பிசியோதெரபி அவசியம்; தசையை வருத்தும் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். இதயத்தையும் நுரையீரலையும் தொடர்ந்து பரிசோதிக்கணும். எந்த ஆபரேஷனுக்கும் முன்பு மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைப் பற்றிச் சொல்வது கட்டாயம்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் தாய்க்கும் மரபணு பரிசோதனை, ஆலோசனை தேவை. அதற்காக அம்மாவைக் குறை சொல்வது தவறு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் புதிதாகவே ஏற்படுகிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச் சிதைவும் ஒன்று. நோய் உறுதியானதும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

சந்தேகம் இருந்தால், பிள்ளை தரையில் இருந்து எழுவதை செல்போனில் வீடியோ எடுத்து குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது தெளிவாகப் புரியவைக்கும்.